வாட்ச்மேன் நிலவன்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் சார். அது விற்றுப்போன நாற்காலி, சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப்போவான். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். கொஞ்சம் கால் ஆடும். ஆடாத ஸ்டூல் வேண்டுமென்றால் நூற்றைம்பது ரூபாய்.

கல்லூரியிலிருந்து வருகிறேன் என்று சொன்னீர்களா, பழைய பெஞ்சு, கட்டில், ஃபேன் என்று எதையோ கழிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். காபி சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குள் ரேடியோ என்றீர்கள். காபியை நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

ரேடியோவுக்குப் பதினைந்தாம் ஆண்டு விழாவா? நடத்துங்கள். பத்திரிகையைக் காட்டுங்கள், பார்க்கலாம். ம். முதல்வர் முன்னிலை. தாளாளர் தலைமை. சிறப்பு விருந்தினர், 'நிலவன்' புகழ் பிரகதீஷ்.

புகழ்! எவன் புகழ் சார்?

இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். நீங்கள் புதிதாக வந்த வாத்தியார். மூன்று வருடம் ஆகிறதா? அப்படியானால் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல்தான் இந்தக் கடைப்படி ஏறியிருக்கிறீர்கள். தெரிந்திருந்தால் பியூனை அனுப்பியிருப்பீர்கள்.

அந்தப் பிரகதீஷ் ரேடியோவில் நிலவனாக இருந்தது இருபது ராத்திரி. நான் இருந்தது இருநூற்றுப் பதினான்கு. இன்றைக்கு அவன் சென்னையில் பெரிய ஆள், நான் பழைய சாமான் காசிமாயன். அதனால் புகழ் அவனுக்குப் போய்விட்டது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பேர் உண்டு. உங்கள் முன்னால் சொல்ல முடியாது.

நான் படித்தது ஆறாவது வரைக்கும். பன்னிரண்டு வயதில் மூன்று சக்கர வண்டியில் பழைய பேப்பர், பாட்டில் எடுக்க வந்தவன். ஒருத்தர் முகத்தைப் பார்த்தே எத்தனை ரூபாய்க்கு இறங்குவார் என்று சொல்லுவேன். உங்களையும் படி ஏறும்போதே பார்த்துவிட்டேன். விடுங்கள். இருபத்து நாலு வயதில் பகலில் வண்டி, ராத்திரி உங்கள் கல்லூரியில் வாட்ச்மேன். ரேடியோ அறை இருக்கிற கட்டடம் என் பொறுப்பு. 'நிலவோடு பேசு' என்று ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு வரைக்கும் நிகழ்ச்சி. நேயர்கள் போன் பண்ணி, பாட்டுக் கேட்பார்கள். பிரகதீஷ் உள்ளே உட்கார்ந்து, தேன் குடித்த பல்லி மாதிரி பேசுவான். நான் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு.

இருபத்தோராவது நாள், பயல் இரண்டு பாட்டை ஓடவிட்டுச் சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போய்விட்டான். பாட்டு முடிந்தது. ரேடியோ ஊமையாகிவிட்டது. உள்ளே போன் அடிக்கிறது. நிற்கிறது, திரும்ப அடிக்கிறது. நான் போய் எடுத்தேன்.

"என்னய்யா, ரேடியோ செத்துப்போச்சா?"

"ஆள் இல்லைங்க."

"நீ யாரு?"

"வாட்ச்மேன்."

"அப்ப நீ போடுய்யா பாட்டை. மில் கேட்ல பஞ்சு லோடோட நாலு மணி நேரமா நிக்கிறேன். உனக்கு என்ன, கை இல்லையா?"

கை இருக்கிறதே! கண்ணாடி வழியாக இருபது நாள் பார்த்திருக்கிறேன். ஒரு சாமானை நாலு தடவை பார்த்தால் அதைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான். மைக்கைத் திறந்தேன். "பாட்டு நின்னு போச்சு. பேசுறவன் ஓடிப்போயிட்டான். நான் வாட்ச்மேன். என்ன பாட்டு வேணும்?" என்றேன். அவ்வளவுதான். போன் அடங்கவே இல்லை.

ஒரு அம்மா வந்து இரண்டு பாட்டுக் கேட்டது. என்னிடம் யாராவது இரண்டு கேட்டால் எனக்கு ஒன்றில்தான் ஆரம்பிக்க வரும். பிறவிக் குணம். "ஒண்ணுதான். ரெண்டாவது வேணும்னா ராத்திரி என்ன குழம்பு, யார் வச்சதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஐயே, அதெல்லாம் எதுக்கு?"

"சரி, வையுங்க போனை."

"இருங்க, இருங்க. கருவாட்டுக் குழம்பு. வச்சது அவரு."

"எவரு?"

"எங்க வீட்டுக்காரருதான். பேரைக் கீரைச் சொல்லிறாதீங்க, பக்கத்துலதான் படுத்திருக்காரு."

"பேரைச் சொன்னா மூணு பாட்டு."

அந்த அம்மா சிரிக்கிறது, வேண்டாம் வேண்டாம் என்கிறது, கடைசியில் சொல்லிவிட்டது. தங்கமுடி. நான் மைக்கில் மூன்று தடவை சொன்னேன், "கருவாட்டுக் குழம்பு வச்ச தங்கமுடி அவர்களுக்கு." அடுத்த சந்தையில் ஒரு ஆள் மீசையை முறுக்கிக்கொண்டு எல்லாரிடமும் போய், "நான்தான்யா அந்தத் தங்கமுடி" என்கிறான். பார்த்தீர்களா? வேண்டாம் என்று சொன்னது யார், கிடைத்ததும் சந்தோஷப்பட்டது யார்? வியாபாரத்தில் முதல் வாயில் சரி என்கிறவன் கிடையாது சார். வேண்டாம் என்பதுதான் முதல் விலை. அதற்கு மேல் ஏற்றிப் பேசத் தெரிந்தவன்தான் வியாபாரி.

அந்தக் கணக்கில்தான் நிகழ்ச்சியை நடத்தினேன். பாட்டு சும்மா கிடையாது. ஒரு விடுகதை, ஒரு ஊர்ச் சண்டை, ஒரு பொய், எதையாவது கொடுத்தால்தான் பாட்டு. பன்னிரண்டு கிலோமீட்டர்தான் உங்கள் ரேடியோ போகும். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ராத்திரி முழித்திருக்கிறவர்கள் யார்? மில் ஷிப்டு ஆட்கள், லாரிக்காரர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். அத்தனை பேரும் என் வாடிக்கை. நான் பேரை மறக்கிற ஆள் இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும். அந்த லாரிக்காரர் ஜோசப் அருளாந்து. பம்புசெட் பக்கத்திலிருந்து பேசுகிறவர் நாச்சிமுத்து. பொய் சொல்லியே ஆறு பாட்டு வாங்கிய கிழவர் சின்னாண்டி. பதினாலு வருடம் ஆகிறது, எழுதிவைத்தா சொல்கிறேன்?

ஒரு வாரம் கழித்து ரேடியோவுக்குப் பொறுப்பாசிரியர் ஞானதிரவியம் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"உன் பேர் என்னப்பா?"

"காசிமாயன் சார்."

"ம். நல்ல பேர்தான். ஆனா ரேடியோவுக்கு..." என்று இழுத்தார். "நிலவன்னு ஏற்கெனவே அறிவிச்சாச்சு. யார் பேசினாலும் நிலவன்தான். நீயும் அப்படியே சொல்லிக்கோ."

ரேடியோவுக்கு என்று இழுத்தாரே, அந்த இழுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. காசிமாயன் எங்கள் தாத்தா பேர். உசிலம்பட்டிப் பக்கம் போய் அந்தப் பேரைச் சொன்னால் நாலு வீட்டில் கதவைத் திறப்பார்கள். நாலு வீட்டில் சாத்துவார்கள், அது வேறு விஷயம். அந்தப் பேர் உங்கள் மைக்குக்கு ஆகாது. குரல் ஆகும். கொசுக்கடி ஆகும். ஒரு பைசா சேர்த்துக் கேட்காமல் ராத்திரி இரண்டு மணி நேரம் பேசினால் ஆகும். பேர் மட்டும் ஆகாது.

இருநூற்றுப் பதினான்கு ராத்திரி "நான் உங்கள் நிலவன்" என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நாக்கில் மண் ஒட்டும். எல்லாருடைய பேரையும் ஊருக்குச் சொல்லுகிறேன், என் பேரை நான் சொல்ல முடியாது. பகலில் அதே ஜனம் வீட்டு வாசலில், "ஏய் பேப்பர், கிலோவுக்கு ஒரு ரூவா கூடப் போடு" என்று என்னைத் திட்டும். ராத்திரி "நிலவன் அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் தெரியும்.

பொறுங்கள், நிகழ்ச்சியெல்லாம் பதிவாகியிருக்கிற அந்த டிஸ்க்குக்குத்தான் வருகிறேன். டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. யார் சொன்னது? ஆபீஸ் மாடசாமியா? அவன் வாயைத் தைக்க வேண்டும்.

உங்கள் கல்லூரியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தார்கள். இருபத்திரண்டு பெட்டி, மொத்தமாக ஏலம். மூன்று பேர் போட்டி. நான் அதிலிருந்து ஒரு பெட்டிக்காகத்தான் இருபத்திரண்டையும் எடுத்தேன். ரேடியோ அறைப் பெட்டி. முன்பக்கம் யாரோ ஒட்டின முருகன் ஸ்டிக்கர், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். மற்றதெல்லாம் எடைக்குப் போய்விட்டது. அதனுடைய டிஸ்க் மட்டும் அதோ, மேல் தட்டில் முறுக்கு டின்னுக்குள் இருக்கிறது.

போட்டுக் கேட்டேனா? கேட்டேன். ஒரே ஒரு தடவை, பதினோரு நிமிஷம். அப்புறம் வேறு வேலை வந்துவிட்டது, நிறுத்திவிட்டேன்.

ஏன் என்னை நிறுத்தினார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? கேளுங்கள். நான் என்ன திருடினேனா? ஒரு பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னேன். நம்புவீர்களா? வாழ்த்து!

வேடசந்தூர் ரோட்டு மில் ஒன்றில் வேலை பார்த்த பிள்ளை. மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம். அது ஒரு பொத்தான் போனை அரிசிப் பையில் ஒளித்துவைத்து, கக்கூஸில் நின்று பேசும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். "அண்ணே, பேரெல்லாம் கேக்காதீங்க. பாட்டு மட்டும் போடுங்க" என்னும். நான் விடுவேனா? பேர் தராத ஆளுக்கு அரைப் பாட்டுதான் என்றேன். சரி, அரைப் பாட்டே போடுங்கள் என்றது! அப்படி ஒருத்தர் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. நாற்பது நாள் அரைப் பாட்டு கேட்டது சார் அந்தப் பிள்ளை. பாதியில் நிறுத்துவேன், அது மீதியை அதுவே பாடிவிட்டு வைத்துவிடும். ஜனம் அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு நாள் மைக்கை மூடிவிட்டு, பாட்டு ஓடும்போது கேட்டேன். அப்போது சொன்னது. பேர், ஊர், எல்லாம். பிளஸ் டூ தனியாக எழுதப்போகிறது, நர்சிங் சேர வேண்டும், வீட்டுக்குத் தெரியாது. அப்பனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவான். வார்டன் கை காலில் விழுந்து பரீட்சைக்கு மட்டும் வெளியே போக அனுமதி வாங்கியிருக்கிறது. "உங்ககிட்ட மட்டும்தாண்ணே சொல்றேன். ரேடியோல சொல்லிறாதீங்க" என்றது.

சொல்லிறாதீங்க. அதைத்தானே கருவாட்டுக் குழம்பு அம்மாவும் சொன்னது?

பரீட்சைக்கு முந்தின ராத்திரி. நானாக நினைத்தேன், நாற்பது நாளாக அரைப் பாட்டு கேட்ட பிள்ளைக்கு இன்றைக்கு முழுப் பாட்டு. முழுப் பாட்டு என்றால் முழுப் பேர். பேரைச் சொன்னேன், மில்லைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். "நாளைக்குப் பரீட்சை எழுதப்போகுது, பன்னிரண்டு கிலோமீட்டரும் வாழ்த்துங்க" என்றேன். எத்தனை போன் வந்தது தெரியுமா? ஜோசப் அருளாந்து அழுதுவிட்டார். ஒரு ஆள் பேரை ஊரே சொல்லி வாழ்த்தினால் அதைவிட என்ன சார் வேண்டும் ஒரு மனுஷனுக்கு? எனக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

மில்காரனுக்கு வயிற்றெரிச்சல். சூப்பர்வைசர் அறையிலும் அதே ரேடியோதானே ஓடுகிறது! விடிவதற்குள் ஹாஸ்டல் பெட்டியெல்லாம் தேடி, பதினோரு போனைப் பிடுங்கிவிட்டான். அந்தப் பிள்ளையை ஆபீஸில் உட்காரவைத்துவிட்டான். நடுராத்திரியில் எவனோ உன் மகள் பேரை ரேடியோவில் சொல்லுகிறான் என்று அப்பனுக்குப் போன். பத்து மணிக்குப் பரீட்சை. பத்து மணிக்கு அது ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? சொல்லுங்கள். பூட்டிவைத்தது மில். கூட்டிப்போனது அப்பன். நான் வாழ்த்தினேன்.

நான் எப்படிப் பார்த்தேனா? மத்தியானம் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பகல் டூட்டிக்கு வந்தேன், அன்றைக்கு ஒருத்தன் லீவு. கல்லூரி கேட்டுக்கு எதிரேதானே பஸ் ஸ்டாப். ஒரு ஆள் முன்னால் வருகிறான், பின்னால் ஒரு பிள்ளை, கையில் கட்டைப்பை. சின்னப் பிள்ளை சார். நான் பெரிய பெண்ணாக நினைத்திருந்தேன். நேரே என்னிடம் வந்து, "அண்ணே, ஒட்டன்சத்திரம் பஸ் போயிருச்சா?" என்று கேட்டது. கிணற்றுக் குரல்தான். கிணறு இல்லாமல் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ரோட்டைக் கையால் காட்டினேன், இன்னும் வரவில்லை என்று. ஊமை என்று நினைத்திருக்கும். எனக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. ராத்திரியெல்லாம் பேசினால் கட்டாதா?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? தொண்டை கட்டியிருந்தது என்றால் கட்டியிருந்தது.

சரி, அதை விடுங்கள். உங்கள் ஞானதிரவியம் செய்ததைக் கேளுங்கள், அதுதான் அநியாயம். மில் மேனேஜர் நாலு ஆளோடு கல்லூரிக்கு வந்துவிட்டான். அப்பன்காரனை வைத்து போலீஸில் எழுதிக்கொடுப்பேன், பேசினவனை உள்ளே தள்ளுவேன் என்று குதிக்கிறான். நான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். ஞானதிரவியம் என்ன செய்திருக்க வேண்டும்? காசிமாயன் என்று ஒரு ஆள், அவன்தான் பேசினான் என்று சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா? "அந்த வாழ்த்தை எழுதிக் குடுத்தது நான். நிலவன்னு தனியா ஆள் கிடையாது, அது நிகழ்ச்சியோட பேர். எழுதிக்கோங்க, என் பேரை எழுதிக்கோங்க" என்கிறார்!

அவர் பேரை! இருநூற்றுப் பதினான்கு ராத்திரி பேசினது நான். வாழ்த்துக்குத்தான் என் பேரைப் போடவில்லை, குற்றத்துக்காவது போடக் கூடாதா? அதையும் அவரே எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ரேடியோ பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். பதவி உயர்வையும் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. நிறுத்தட்டும். போகும்போது என்னிடம், "காசி, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே. யார் கேட்டாலும் உனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லு" என்றார். விரட்டினார் சார். நாயை விரட்டுகிற மாதிரி. போன வருடம் செத்துப்போனார். நான் மாலை போடப் போகவில்லை. தெருமுனை வரைக்கும் போனேன், அவ்வளவுதான்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். எவ்வளவு கொடுப்பீர்கள்? ஆயிரமா? முகத்தில் நாலாயிரம் என்று எழுதியிருக்கிறதே. ஐந்தா? பார்த்தீர்களா, நானே ஏமாந்தேன். எனக்குப் பணம் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான். பத்திரிகையில் பிரகதீஷுக்கு மேலே என் பேர். காசிமாயன். பக்கத்தில் நிலவன் என்று போடக் கூடாது, வெறும் காசிமாயன். மேடையில் முதல் ஆளாக மைக்கில் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும். போடுங்கள் முதல்வருக்குப் போன். என் முன்னாலேயே பேசுங்கள்.

என்ன சொல்கிறார்? சரி என்கிறாரா? திரும்பக் கேளுங்கள். மேலேயா, கீழேயா?

மேலே. சரி.

சரி சார். படிந்தது. பதினாலு வருடத்தில் உங்கள் கல்லூரி என்னிடம் நியாயமாக முடித்த முதல் வியாபாரம். இருங்கள், டின்னை எடுக்கிறேன். தூசி, தள்ளி நில்லுங்கள். இந்தாருங்கள். கையில் பிடியுங்கள். இவ்வளவுதான், அரைக் கிலோ இருக்குமா? இதற்குள்தான் நான் இருக்கிறேன். ஏய் முத்தையா, சாருக்கு ஒரு காபி சொல்லு.

பத்திரிகையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும். தாத்தா பேர். என் மகளைக் கூட்டி வருவேன். பத்தாவது படிக்கிறது. அப்பா ரேடியோவில் பேசினார் என்றால் நம்ப மாட்டேன் என்கிறது. முன் வரிசையில்... என்ன சொன்னீர்கள்?

அரைப் பாட்டுக் கேட்ட பிள்ளையா?

அதை எதற்கு மேடைக்குக் கூப்பிட வேண்டும்?

எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கும் என்கிறீர்கள். அந்த ராத்திரிப் பதிவை மேடையில் போட்டுவிட்டு, பின்னாலிருந்து அதை வரவழைப்பீர்கள். பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஆமாம். நான்தான் பேர், ஊர், மில் எல்லாம் சொல்லியிருக்கிறேனே. இதற்குள்ளேயே இருக்கிறது.

அதைக் கொடுங்கள் இப்படி.

கொடுங்கள் சார். ஒரு துடை துடைத்துத் தருகிறேன். கொடுங்கள்.

ம். காபி வேண்டாம் முத்தையா. சார் கிளம்புகிறார்.

விலை படியவில்லை. ஆமாம், படிந்தது என்றுதான் சொன்னேன். இப்போது படியவில்லை. முதல்வர் சரி என்றது அவர் பாடு. அந்த ராத்திரியை மட்டும் வெட்டிவிடுவீர்களா? யார் வெட்டுவது? கேட்டால்தானே வெட்ட முடியும்? உட்கார்ந்து கேட்பீர்கள், உங்கள் பிள்ளைகள் நாலு பேர் கேட்பார்கள், வெட்டியதை ஒருத்தன் போனில் வைத்துக்கொள்வான். எனக்குத் தெரியாதா? நான் பழைய சாமான் வியாபாரி. எதுவும் எங்கேயும் அழிந்துபோனதாகப் பார்த்ததில்லை. இதை மட்டும் சம்மட்டியால் உடைத்து அலுமினியத்தோடு போட வேண்டியதுதான்.

பத்திரிகையில் பிரகதீஷையே போட்டுக்கொள்ளுங்கள். அவன்தான் நிலவன். வாட்ச்மேன் எவனும் பேசவில்லை, யார் கேட்டாலும் அப்படிச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை பேரா? நான் என்ன கண்டேன்! பதினாலு வருடம் ஆகிறது. ராத்திரிக்கு நாற்பது பேர் பேசுவார்கள், ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்திருக்க நான் என்ன வாத்தியாரா? மறந்துபோய்விட்டது. ஊரும் மறந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் என்றேனா? பஸ் பல ஊர் வழியாகப் போகும்.

பர்ஸை ஏன் எடுக்கிறீர்கள்? பத்தாயிரமா?

உள்ளே வையுங்கள். நீங்கள் என் கடையில் என் தொழிலை என்னிடமே காட்டுகிறீர்கள். இது விலை ஏற்றுகிற வேண்டாம் இல்லை சார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள்.